மறுப்பா, திறந்து காட்டுவதா?

ஒரு கப்பலில் ஆயுதம் இருப்பதாகப் பேச்சு எழும்போது, அதை வெறுமனே மறுப்பது நல்லதா, கிடைத்ததைத் திறந்து காட்டுவது நல்லதா? 2009இல் மரம் ஏற்றிச் சென்ற 'ஆர்க்டிக் சீ' கப்பலைக் கடத்தல்காரர்களிடமிருந்து ரஷ்யக் கடற்படை மீட்டபோது, அதில் ஈரானுக்கான எஸ்-300 என்ற வான் பாதுகாப்பு ஏவுகணைகள் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் அதைப் பொய்யென மறுத்தார். ஆனால் மீட்பு நடவடிக்கை கெடாதிருக்க ஊடகங்களுக்குத் தவறான தகவல் தரப்பட்டதை நேட்டோவுக்கான ரஷ்யத் தூதர் ரகோசின் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்ததால், மறுப்பு உண்மையாகவே இருந்தாலும் சந்தேகத்துக்கு உள்ளாகும் நிலை உருவானது.

மாறாக, 2013இல் கியூபாவிலிருந்து வந்த வடகொரியாவின் 'சோங் சோன் காங்' கப்பலைப் பனாமா தடுத்தபோது, சர்க்கரை மூட்டைகளின் அடியில் கிடைத்த ஆயுதங்களின் படத்தை பனாமா அதிபர் மார்டினெல்லியே ட்விட்டரில் வெளியிட்டார். வதந்தி பரவ இடமே இருக்கவில்லை. மறுநாளே 240 டன் பழைய ஆயுதங்கள் தன்னுடையவை எனக் கியூபா ஒப்புக்கொண்டது. கண்டெடுத்ததைக் காட்டுவது எளிது, இல்லாததை நிரூபிப்பதுதான் கடினம் என்பதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும்.