பாம்பனிலிருந்து முனைவர் பட்டம்: இணையவழியா, காரைக்குடியா, இரண்டும் வேண்டாமா?

பாம்பனில் பட்டதாரி ஆசிரியராகப் பணியாற்றும், எனக்குத் தங்கை முறையாகும் ஒருவர், எம்.எட். முடித்து ஆறு ஆண்டுகள் கழித்துக் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற விரும்புகிறார். “அண்ணே, லீவு போடாம வீட்ல இருந்தே ஆன்லைன்ல முடிச்சிரலாம்னு சொல்றாங்களே, அது சரிவருமா?” என்று அவர் கேட்டபோது, அவருடைய கைப்பேசியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழி எட்.டி. (கல்வி முனைவர்) படிப்புக்கான விளம்பரம் திறந்திருந்தது. நான் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பதிவு செய்து, ராமநாதபுரத்துக்கும் காரைக்குடிக்கும் இடையே ஆறு ஆண்டுகள் பேருந்தில் அலைந்து பட்டம் பெற்றவன். ஆகவே எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவருக்குச் சொன்னவற்றை இங்கே எழுதுகிறேன்.

சட்ட நிலையிலிருந்து தொடங்குவதே முறை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள், எந்த உயர்கல்வி நிறுவனமும் தொலைநிலையிலோ இணையவழியிலோ முனைவர் பட்டப் படிப்பை நடத்தக் கூடாது என்று நேரடியாகத் தடை விதிக்கின்றன. அதற்கு முந்தைய மாதமே, வெளிநாட்டு நிறுவனங்கள் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களுடன் கைகோத்து இணையவழியில் வழங்கும் முனைவர் பட்டங்கள் ஏற்கப்படமாட்டா என்று மானியக் குழுவும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து பொது அறிவிப்பு விடுத்தன. எனவே தமிழ்நாட்டில் ஒரு கல்வியியல் கல்லூரியின் வாசலில் அந்தச் சான்றிதழை நீட்டினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அதே விதிமுறைகள் பகுதிநேர முனைவர் பட்டத்தை அனுமதிக்கின்றன என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பகுதிநேர ஆய்வாளர் தம் நெறியாளரோடு காணொளியில் பேசுவதை எவரும் தடுக்கவில்லை. படிப்பையே தொலைவிலிருந்து நடத்துவதுதான் தடுக்கப்பட்டிருக்கிறது.

சட்டம் ஏற்கவில்லை என்பதற்காக எட்.டி. என்ற பட்டத்தையே மட்டமானது என்று ஒதுக்குவது நியாயமாகாது. 1920-களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் வழங்கப்படத் தொடங்கிய அப்பட்டம், பிரிட்டனுக்கு 1992-இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் வழியாக வந்தது. பல்கலைக்கழக ஆய்வாளரை உருவாக்குவதைவிட, பள்ளியிலோ கல்வி நிர்வாகத்திலோ ஏற்கெனவே பணியில் இருப்பவர் தம் பணியிடத்துச் சிக்கல் ஒன்றை முறைப்படி ஆராயக் கற்றுக்கொடுப்பதே அதன் நோக்கம். அமெரிக்காவில் 2007-இல் தொடங்கிய கார்னகி கல்வி முனைவர் திட்டம், பணிக்களச் சிக்கல் என்பதையே ஆய்வேட்டின் நடுநாயகமாக வைக்கும்படி பல பல்கலைக்கழகங்களை மாற்றியது. (பட்டத்தைத் தொடங்கி வைத்த ஹார்வர்டே பின்னாளில் அதைக் கைவிட்டு, 2014-இலிருந்து கல்வியியலில் பிஎச்.டி. மாணவர்களைச் சேர்க்கிறது என்பது வேறு கதை.) வகுப்புத் தோழர்கள் ஒரே குழுவாகச் சேர்ந்து, பருவத்துக்குப் பருவம் பாடங்களை முடித்து, ஆய்வேட்டையும் அந்த ஓட்டத்திலேயே எழுதிச் செல்வதால், பாதியில் தனித்து நின்றுபோகும் அபாயம் அங்கே குறைவு. நம் பகுதிநேர ஆய்வாளர்களுக்குக் கிடைக்காத பெரிய வசதி அது என்பதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

தங்கையின் ஆய்வுக் கேள்வியும் எட்.டி.யின் இந்த இயல்போடு நன்றாகப் பொருந்துகிறது. விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில் நிற்கும் தடைக்காலமும், அதன் பின் கடலுக்குப் போகும் மாதங்களும், கடற்பாசி எடுக்கும் நாள்களும் தம் பள்ளியின் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் என்ன கோடு வரைகின்றன என்பதே அவர் அறிய விரும்புவது. தடைக்காலத்தின் முன்பாதி தேர்வோடும் கோடை விடுமுறையோடும் கலந்துவிடுகிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே படகுகளும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே வீட்டில் பணமில்லாத இரண்டு மாதத்தின் விளைவு எந்த மாதத்து வருகையில் வெளிப்படுகிறது என்பது மேலோட்டமாகப் பார்த்துச் சொல்லக்கூடியதன்று. இதை ஆராய மண்டபத்துக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே வாழ்ந்தாக வேண்டும். இணையவழிப் படிப்பின் முதன்மையான கவர்ச்சி, ஊரை விட்டு நகராமல் படிக்கலாம் என்பதுதான். ஆனால் பகுதிநேரப் பதிவும் ஊரை விட்டு நகரச் சொல்வதில்லை; மாதத்துக்குச் சில நாள் பயணத்தைத்தான் கேட்கிறது. இந்த ஒப்பீட்டில் பலர் கோட்டைவிடும் இடம் இதுவே.

நேரக் கணக்கு இன்னொன்று. அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் நேரலை வகுப்பு, இங்கே கோடையில் அதிகாலை 4.30-க்கும் குளிர்காலத்தில் 5.30-க்கும் தொடங்கும். பிரிட்டனில் மாலை ஆறு மணி என்றால் இங்கே இரவு 10.30 அல்லது 11.30. எட்டரை மணிக்குப் பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய, வீட்டில் இரண்டு குழந்தைகள் உள்ள ஒருவர், மூன்று ஆண்டுகளுக்கு இதைத் தாங்க முடியுமா என்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டணம் பல லட்சம் என்பதையும், கல்விக்கடன் எடுத்தால் அதன் வட்டி ஆய்வேடு முடிந்த பின்னரும் தொடரும் என்பதையும் நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

இனிக் காரைக்குடியின் பக்கம். விதிமுறைகளின்படி, முனைவர் பட்டத்துக்கு முதுநிலைப் படிப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்; இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. குறைந்த காலம் மூன்று ஆண்டுகள், உச்சம் ஆறு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்கும். மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றுக்காகப் பெண் ஆய்வாளருக்கு மொத்தத்தில் 240 நாள் வரை விடுப்பும் உண்டு. பாடநெறிக்குக் குறைந்தது 12 கிரெடிட், அதாவது ஒரு கிரெடிட்டுக்குப் பதினைந்து மணி நேரம் என்று வைத்தால், ஏறத்தாழ 180 மணி நேர வகுப்பு. பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். ஆய்வேட்டுக்கு முன் இதழ்களில் கட்டுரை வெளியிட்டே தீர வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை 2022 விதிமுறைகள் நீக்கிவிட்டன. ஆனால் பல்கலைக்கழகம் தன் சொந்த விதியில் அதை வைத்திருக்கலாம் என்பதால் கேட்டுக்கொள்வது நல்லது.

பகுதிநேரத்தின் உண்மையான முட்டுக்கட்டை தடையின்மைச் சான்று. பணியாளர் பகுதிநேரமாகப் படிக்க அனுமதிக்கப்படுகிறார், அவருடைய அலுவல் ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க இடந்தருகிறது, தேவைப்பட்டால் பாடநெறிக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்று பணியமர்த்தியவர் எழுதித் தர வேண்டும். மூன்றாவது வரிதான் மேசைக்கு மேசை நகரும். என்னுடைய கோப்பு ஓர் அலுவலகத்தில் நான்கு மாதம் கிடந்தது. எங்கே கிடக்கிறது என்று கேட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் அரை நாள் விடுப்பு போனது. இணையவழிப் படிப்பில் இந்தத் தொல்லை வெளிப்படையாகத் தெரிவதில்லை என்பதும் அதன் பக்கம் ஆசிரியர்கள் சாய்வதற்கு ஒரு காரணம்.

தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தையும் தங்கை கேட்டார். 2008-இல் தொடங்கப்பட்ட அது கல்வியியலுக்கென்றே உள்ள பல்கலைக்கழகம் என்பது உண்மை. ஆனால் அது சென்னையில் இருக்கிறது, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இரவு ரயில். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்று, புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்படும் வரை தீவுக்காரர்கள் ரயிலேறுவதற்கே பாலத்தைப் பேருந்தில் கடக்க வேண்டியிருந்த காலத்தில் இதை நான் பரிந்துரைத்தே இருக்க மாட்டேன். இப்போது இரண்டாம் இடத்தில் வைக்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் உண்டு. அவற்றை நெறியாளர் அங்கே அமைந்தால் மட்டும் நினைக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட எடை கூடியது நெறியாளர் யார் என்பதே. ஒரு பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் ஆய்வாளர்களை ஏற்க முடியாது. பணி ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரை எடுக்கக் கூடாது. ஆகவே விரும்பும் நெறியாளரிடம் இடம் இருக்கிறதா, ஓய்வுக்கு எத்தனை ஆண்டு இருக்கிறது, பள்ளி மாணவர் வருகை பற்றிய ஆய்வை அவர் முன்பு வழிநடத்தியிருக்கிறாரா என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே பல்கலைக்கழகத்தின் பெயரை முடிவு செய்ய வேண்டும். கடைசிக் கேள்விக்கு விடை, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் தாங்கியிருக்கும் சோத்கங்கா தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; அந்த நெறியாளரின் மாணவர்கள் எழுதிய இரண்டு ஆய்வேடுகளைப் படித்தாலே அவருடைய மேசையில் என்ன நடக்கிறது என்பது விளங்கிவிடும்.

மூன்றாவது வழி, எதுவும் வேண்டாம் என்பது. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு உயர்கல்வித் தகுதிக்காக வழங்கப்பட்டு வந்த ஊக்க ஊதிய உயர்வை 2020 மார்ச்சில் தமிழ்நாடு அரசு நிறுத்திவிட்டது. பின்னர் அதற்கு மாற்றாக வந்தது மாதச் சம்பளத்தில் ஏறும் உயர்வன்று, ஒருமுறை தரும் தொகை. தலைமையாசிரியர் பதவிக்கு முனைவர் பட்டம் தகுதியாகக் கேட்கப்படுவதுமில்லை. எனவே பள்ளியிலேயே பணி ஓய்வு வரை இருக்கப்போகிறவருக்குப் பட்டத்தால் வரும் பொருளாதாரப் பயன் சிறிது. கல்வியியல் கல்லூரிக்குப் போக நினைப்பவருக்குக் கணக்கு வேறு: தேசிய ஆசிரியர் கல்விக் குழுவான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைகளின்படி பி.எட். கல்லூரி முதல்வராக முனைவர் பட்டம் கட்டாயம். அங்கேயும், இந்திய விதிகள் ஏற்கும் முனைவர் பட்டமே செல்லும்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி அமைகிறது. வெளிநாட்டில் பன்னாட்டுப் பள்ளியிலோ தன்னார்வ நிறுவனத்திலோ பணியாற்றுபவருக்கு, அல்லது கீழக்கரையிலிருந்து வளைகுடாவுக்குப் போய் அங்கேயே பள்ளி நிர்வாகத்தில் இருப்பவருக்கு, தரமான பல்கலைக்கழகம் ஒன்றின் இணையவழி எட்.டி. பொருத்தமான தேர்வாக இருக்கக்கூடும். அவருடைய சான்றிதழைப் படிக்கப்போகிறவர் இந்திய அரசின் அலுவலர் அல்லர். தமிழ்நாட்டு அரசுப் பணியில் இருப்பவருக்கு அது விலையுயர்ந்த வாசிப்பு வட்டம் மட்டுமே. அவர் பகுதிநேரத்தில் பதிய வேண்டும், அல்லது பதியாமலேயே தம் கேள்வியைத் தொடர வேண்டும்.

தங்கை இன்னும் எதிலும் பதியவில்லை. கடந்த பத்து ஆண்டுகளின் வருகைப் பதிவேடுகளைப் பெயர் நீக்கிக் கணினியில் ஏற்றிக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் எழுத்துவழி அனுமதி கேட்டிருக்கிறார். அடுத்த தடைக்காலம் தொடங்குவதற்குள் அந்த வேலையை முடித்து, கையில் அட்டவணையோடுதான் காரைக்குடிக்குப் பேருந்து ஏறுவதாகச் சொல்கிறார்.