ரிட்டர்ன் கிஃப்ட் வாங்குகிறீர்களா? பெயர் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

குழந்தையின் பெயரை அச்சடித்து, பை, பொம்மை, ரிப்பன் எல்லாவற்றையும் ஒரே செட்டாக அனுப்புகிறோம் என்று சமூக ஊடகங்களில் நிறையப் பேர் ரிட்டர்ன் கிஃப்ட் விற்கிறார்கள். அப்படி ஒருவரிடம் வாங்கி நான் பட்டதை எழுதுகிறேன். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் விற்றவரின் பெயரைப் போடவில்லை.

மகளுக்கு மூன்று வயது நிறைகிறது. வரும் குழந்தைகளில் பாதிப் பேர் அவள் வயது, சிலர் அதற்கும் கீழே. விற்பவரிடம் நான் முதலில் சொன்னதே அதைத்தான். "ரெண்டு, மூணு வயசுக் குழந்தைங்க. அவங்களுக்கு ஏத்த மாதிரி வேணும்." "சேஃப் செட்டே இருக்கு மேடம், அதையே போட்டுடலாம்" என்று படம் அனுப்பினார். தடிமனான க்ரேயான், கெட்டி அட்டைப் படப்புத்தகம், பெரிய பிடி வைத்த மரப் புதிர்ப் பலகை, துணிப் பை. படத்தைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். முழுப் பணமும் முன்னாலேயே, அதுவும் நேரடியாக வங்கிக் கணக்குக்கு. கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் ஆகும் என்றார்.

விழா நெருங்கிய பிறகுதான் பார்சல் வந்தது. உள்ளே இருந்தது வேறு. துணிப் பைக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் கவர். படப்புத்தகம் இல்லவே இல்லை. புதிர்ப் பலகை இருந்தது, ஆனால் உள்ளங்கை அளவு. அதன் துண்டுகள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. க்ரேயான் பெட்டியைத் திறந்தால் குப்பென்று பெயின்ட் நெடி. மிச்ச இடத்தை நிரப்ப, தட்டினால் மின்னும் ரப்பர் கைவளையம் ஒன்றும், தண்ணீரில் போட்டால் ஊதும் ஜெல் மணிகளான வாட்டர் பீட்ஸ் ஒரு சின்னப் பாக்கெட்டும். எல்லாவற்றின் மேலும் என் மகள் பெயரும் ஒரு யானைக்குட்டியும் போட்ட வட்ட ஸ்டிக்கர். அது மட்டும் சொன்னபடியே வந்திருந்தது, நல்ல அச்சு.

என் நாத்தனார் குழந்தைகள் வார்டில் நர்ஸ். பை கட்ட உதவிக்கு வந்திருந்தாள். கைவளையத்தை எடுத்துப் புரட்டியவள், அடியில் இருந்த மூடியை நகத்தால் ஒரு நெம்பு நெம்பினாள். ஸ்க்ரூ எதுவும் இல்லை. மூடி தெறித்து, உள்ளே இருந்த பேட்டரி மேசையில் விழுந்து உருண்டது. "அண்ணி, இதை ஒரு குழந்தை கையிலயும் கொடுக்காதீங்க" என்றாள்.

அந்தப் பேட்டரியில் சிஆர்2032 என்று பொறித்திருந்தது. அந்த எண்ணே அளவைச் சொல்லிவிடும்: விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ. மூன்று வோல்ட். கார் சாவியிலும் எடை பார்க்கும் மெஷினிலும் இருக்கும் அதே பேட்டரிதான். சின்னக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயிலேயே சிக்கிக்கொள்ளக்கூடிய அளவு அது. சிக்கியதும் அங்குள்ள ஈரத்தின் வழியாக மின்சாரம் ஓடத் தொடங்கும். பேட்டரியின் மைனஸ் முனைப் பக்கம் காரம் (ஆல்கலி) உண்டாகி சதையை அரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஆகிவிடலாம். இதற்குப் பேட்டரி உடைந்து கசிய வேண்டும் என்றில்லை. விளக்கு எரியாத பழைய பேட்டரியிலும் இந்த வேலைக்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும்.

விழுங்கியதை யாரும் பார்க்கவில்லை என்றால் இன்னும் மோசம். எச்சில் வடிதல், இருமல், சாப்பிட மறுப்பது என்று சாதாரண உடம்பு சரியில்லாதது போலத்தான் ஆரம்பிக்குமாம். எக்ஸ்ரேயிலும் முதல் பார்வைக்கு நாணயம் என்றே தோன்றும்; ஓரத்தில் இரட்டை வளையம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள் என்றாள். சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். இதனால்தான் பொம்மைகளில் இந்த வகைப் பேட்டரி இருக்கும் மூடியை ஸ்க்ரூ டிரைவர் போன்ற கருவி இருந்தால்தான் திறக்க முடியும்படி, இல்லாவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனி அசைவுகள் செய்தால்தான் திறக்கும்படி வைக்கச் சொல்கிறார்கள். எங்களுக்கு வந்ததைத் திறக்க ஒரு நகம் போதுமாக இருந்தது.

வாட்டர் பீட்ஸும் இதற்குச் சளைத்ததல்ல. காய்ந்திருக்கும்போது சில மில்லிமீட்டர்தான், தண்ணீர் பட்டால் பல மடங்கு ஊதும். வயிற்றுக்குள் போனாலும் ஊதும், குடலை அடைக்கும், சாதாரண எக்ஸ்ரேயில் தெரியவும் செய்யாது. இதை மிட்டாய் நிறத்தில் செய்து குழந்தைகளுக்கு விற்கலாம் என்று யாருக்குத்தான் தோன்றியதோ.

ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது இதற்கு அப்புறம்தான். ஒரு கைவளையப் பெட்டியில் ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. உரித்தேன். அடியில் ஒரு சிவப்பு வட்டம், குறுக்கே கோடு, உள்ளே குழந்தை முகம், 0-3 என்ற எண். மூன்று வயதுக்குக் கீழே கொடுக்காதே என்ற எச்சரிக்கைக் குறி. புதிர்ப் பலகைப் பெட்டியில் உரித்தால் அங்கேயும் அதே குறி. வாட்டர் பீட்ஸ் பாக்கெட்டிலும் அதே. பெட்டியின் மற்ற பக்கங்களில் இடம் தாராளமாகக் கிடக்க, ஒவ்வொன்றிலும் சரியாக அந்தக் குறியின் மேலேயே என் மகள் பெயரை ஒட்டியிருந்தார்கள். கை தவறி ஒட்டியது என்று இதை யாரும் சொல்ல முடியாது.

படம் எடுத்து அனுப்பினேன். "எல்லாரும் இதைத்தான் மேடம் வாங்குறாங்க, இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்ல" என்று பதில் வந்தது. ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பதைப் பற்றிக் கேட்டதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "டிசைனுக்காக ஒட்டினது மேடம். பெரியவங்க பக்கத்துல இருந்து பாத்துக்கணும்ல." சரி, எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள் என்றேன். அதற்கு வந்த பதில்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்: "பேர் போட்டாச்சே மேடம், இனி நான் யாருக்கு விக்கிறது?"

பெயர் அச்சடித்துத் தருவது நமக்கு ஏதோ கூடுதல் சேவை போலத் தெரிகிறது. விற்பவருக்கு அதுதான் பூட்டு. ஒருவருக்கென்று தனியாகச் செய்த பொருளை மனம் மாறித் திருப்பித் தர முடியாது என்பது பல இடங்களில் விதியே. ஆனால் அந்த விதி, சொன்ன பொருளைச் சொன்னபடி அனுப்பியவருக்குத்தான் பொருந்தும். காட்டியது ஒன்று, அனுப்பியது ஒன்று என்றாலோ, பொருளே பாதுகாப்பற்றது என்றாலோ, பெயர் ஒட்டியிருப்பது சாக்காகாது. இதை எடுத்துச் சொன்னதும் அவர் தொனியே மாறிவிட்டது. அடுத்த ஆர்டரில் தள்ளுபடி தருகிறேன் என்றார். பிறகு படப்புத்தகத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு ஒரு சின்னத் தொகையை அனுப்பினார். அதன்பின் என்னை பிளாக் செய்துவிட்டார்.

அதனால், இந்த மாதிரி விற்பவரிடம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பெயர் ஒட்டாத ஒரு சாம்பிள் பையை முதலில் வரவழையுங்கள். ஸ்டிக்கர்களைத் தனித் தாளாக அனுப்பச் சொல்லுங்கள், நாமே ஒட்டிக்கொள்ளலாம். ஒரு சாயங்கால வேலை. நேர்மையாக விற்பவர் இதற்கு மறுக்கக் காரணமே இல்லை. கார்டில் கட்டினால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கும். வங்கிக் கணக்குக்கு நாமே அனுப்பிய பணத்தை மீட்பது மிகவும் கஷ்டம், அவர்கள் அதை ஏன் வற்புறுத்துகிறார்கள் என்று புரிகிறதல்லவா? பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். குழந்தைகளின் வயதைச் சொல்லி ஆர்டர் செய்த உரையாடல் எழுத்தில் இருக்கட்டும். என் புகாருக்கு இப்போது கைகொடுப்பது அந்த ஸ்க்ரீன்ஷாட்தான்.

"சர்ட்டிஃபைடு" என்று வாயால் சொல்வதையும் பெட்டியில் சிஇ (ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்ற குறி) என்று அச்சடித்திருப்பதையும் மட்டும் நம்ப வேண்டாம். சிஇ குறி பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே அறிவித்துப் போட்டுக்கொள்வது. ஐஎஸ்ஓ 8124, ஐரோப்பாவின் இஎன் 71, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்963 போன்ற பொம்மைப் பாதுகாப்புத் தரங்களில் ஏதாவது ஒன்றின்படி சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். அதில் நமக்கு வரப்போகும் அதே பொருளின் பெயரோ மாடல் எண்ணோ இருக்க வேண்டும்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. மூன்று வயதுக்குக் கீழான குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்கும் கூடங்களில் 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சின்னக் குழாய் வைத்திருப்பார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் தேறாது. அந்தக் குழாய்க்கு எங்கே போவது? டாய்லெட் பேப்பர் உருளையின் உள் அட்டை போதும். அது சற்று அகலம், ஆகவே அதற்குள் நுழையும் எதையும் ஒதுக்கிவிட்டால் இன்னும் பாதுகாப்பு. பந்து என்றால் விட்டம் 44.5 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். ஊதாத பலூன், வெடித்த பலூன் துண்டு இரண்டுமே மூச்சை அடைக்கும். பை நிறையட்டும் என்று ஒரு பலூனைப் போட்டுவிடுவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது.

வந்த குழந்தைக்கு ஐந்து வயது, பரவாயில்லை என்றும் விட முடியாது. பை அவர்கள் வீட்டுக்குப் போகிறது, அங்கே தவழுகிற தம்பி தங்கை இருக்கலாம். யார் பிரிக்கிறார்கள், எங்கே கொட்டுகிறார்கள் என்று நாம் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை. பெரியவங்க பக்கத்துல இருக்கணும் என்ற அந்தப் பதில் ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு மட்டும் செல்லவே செல்லாது.

நாங்கள் கடைசியில் எல்லாப் பையையும் பிரித்துப் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு அட்டைப் படப்புத்தகம் வாங்கிக் கொடுத்தோம். ஒரு பிள்ளையும் வேறு எதுவும் இல்லையா என்று கேட்கவில்லை.

நுகர்வோர் புகாரும், அவர்கள் பக்கம் இருக்கும் சமூக ஊடகத்துக்கு ஒரு புகாரும் கொடுத்திருக்கிறேன். மீதிப் பணம் இன்னும் வரவில்லை. பழைய பக்கத்தை மூடிவிட்டு இப்போது வேறு பெயரில் விற்கிறார்கள், படங்கள் அதேதான். புதிர்ப் பலகை வைத்திருக்கும் வெள்ளை மேசையின் வலது ஓரத்தில் நீளமாக ஒரு கீறல் இருக்கும். அந்தப் படத்தை யாராவது உங்களுக்கு அனுப்பினால், முன்பணம் கட்டாதீர்கள்.