பழைய கார் எஞ்சினுக்கு வால்வு சீட் ரிங் (வால்வு வந்து உட்காரும் இடத்தில் இறக்கும் கடின உலோக வளையம்) போட்டதாகச் சொல்லி 42,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். மலையில் இருப்பவர்கள் ஜாக்கிரதை!

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். முழுசாக 42,000 ரூபாய் போயிருக்கிறது. கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் மோரிஸ் மைனர், பழைய அம்பாசடர், ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

எங்களுடையது அப்பா ஓட்டிய மோரிஸ் மைனர், 948 சிசி. 1998-க்குப் பிறகு ஷெட்டிலேயே நின்றது. அதை ஓட வைக்க, சமவெளியில் பழைய கார்களை மட்டுமே பார்க்கிற ஒரு பட்டறையில் விட்டேன்.

அங்கே இருந்தவர் பேசிய விதத்தைச் சொல்ல வேண்டும். "சார், 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். உங்க வண்டி ஈயப் பெட்ரோலுக்குப் பண்ணினது" என்று ஆரம்பித்தார். ஈயம் எரிந்து, எக்ஸாஸ்ட் வால்வு (எரிந்த புகையை வெளியே விடும் கதவு) உட்காரும் இடமான சீட்டில் மெல்லிசாகப் படியும், அதுதான் பாதுகாப்பு. அது இல்லாவிட்டால் வால்வும் சீட்டும் சூட்டில் ஒட்டி ஒட்டிப் பிய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் (எஞ்சினின் மேல் பாகம்) இறங்கிக்கொண்டே போகும் என்றார். இந்த எஞ்சினில் சீட் தனியாகக் கிடையாது, வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வெட்டியது, ஆகவே நாலு எக்ஸாஸ்டுக்கும் கடின ரிங் இறக்கணும் என்றார். அத்தனையும் உண்மை. பிறகு ஒரு டப்பாவைத் திறந்து, பளபளவென்று ஒரு ரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். "இது உள்ளே போயிட்டா மேட்டுப்பாளையத்திலிருந்து செகண்ட் கியர்லயே ஏறுங்க, ஒண்ணும் ஆகாது." அந்த ரிங்கைக் கையில் பிடித்த நிமிஷத்தில்தான் நம்பினேன். 42,000 கொடுத்தேன்.

வண்டி வந்தது, நன்றாகவே ஓடியது. கொஞ்ச நாளில் காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்தது. மலை ஏறும் வழியில் பர்லியார் தாண்டினால் மூச்சு வாங்கியது. டேப்பெட் சத்தம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. அது நல்லதல்ல. வால்வு உள்ளே இறங்க இறங்க டேப்பெட் கேப், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி, மூடிக்கொள்ளும், சத்தம் அடங்கும். 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) இருக்க வேண்டிய இடத்தில், நடுவில் உள்ள இரண்டு எக்ஸாஸ்டிலும் ஃபீலர் கேஜின் (இடைவெளி அளக்கும் தகடுகள்) மெல்லிய தகடுகூட நுழையவில்லை. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் ஒரே வழியாகத்தான் வெளியேறும். சூடு அங்கேதான் அதிகம்.

குன்னூரில் தெரிந்த லேத்துக்காரர் ஹெட்டைக் கழற்றி, கரியைத் துடைத்து டார்ச் அடித்துக் காட்டினார். ரிங் இறக்கியிருந்தால் சீட்டைச் சுற்றி முடி இழை மாதிரி ஒரு வட்டக் கோடு தெரியும். ரிங் ஒரு நிறம், ஹெட் ஒரு நிறம். இங்கே கோடே இல்லை. நாலிலும் இல்லை. "சீட்டைக் கட் பண்ணி, வால்வை லேப் பண்ணி விட்டிருக்காங்க, அவ்வளவுதாங்க" என்றார். அதாவது பழைய சீட்டையே சீவி, வால்வை அதில் பொருந்தத் தேய்த்திருக்கிறார்கள், ரிங் போடவே இல்லை. வயிறு எரிந்தது இதற்குத்தான்: அப்பா காலத்து ஈயப் பெட்ரோலின் படிவு அந்த சீட்டில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும். அதையும் இவர்கள் சுரண்டி எடுத்துவிட்டார்கள். 42,000 வாங்கிக்கொண்டு, இருந்த பாதுகாப்பையும் பிடுங்கியிருக்கிறார்கள்.

பட்டறைக்குப் போன் செய்தால் முதலில், "மலையில ஓட்டினா அப்படித்தான் சார்." அடுத்து, "இப்போ வர்ற எத்தனால் பெட்ரோல்தான் காரணம்." எத்தனால் பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும், சரி. போட்ட ரிங்கைக் கரைத்துக் குடித்துவிடுமா? அதற்கப்புறம் "ஓனர் சபரிமலை போயிருக்கார்", "வண்டியைக் கொண்டு வாங்க, பார்க்கலாம்." ஹெட் இல்லாத வண்டியை எப்படிக் கொண்டு போவது? போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பில்லில் "ஹெட் வேலை 42,000" என்று ஒரே வரி.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. வால்வு மாட்டுவதற்கு முன்னால் ரிங் தெரிகிற மாதிரி போட்டோ கேளுங்கள், முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். பில்லில் "எக்ஸாஸ்ட் சீட் ரிங் 4" என்று எழுதி வாங்குங்கள். பெட்ரோலில் ஊற்றும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலை ரிங்குக்குப் பதில் என்று விற்றால் வாங்காதீர்கள், அது சீட்டைக் காக்காது. டேப்பெட் கேப்பை அடிக்கடி அளந்து எழுதி வையுங்கள். குறைந்துகொண்டே வந்தால் மலை ஏற்றாதீர்கள்.

2019 நுகர்வோர் சட்டப்படி, பட்டறை வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஊட்டியில் கொடுக்கப் போகிறேன். 42,000 ரூபாயை விடுவதாக இல்லை.