வந்த நேரமா, நிலைத்த நேரமா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஓர் அடுக்ககத் தண்ணீர்த் தொட்டியின் சென்சார், மட்டம் தாழ்ந்தால் அடிக்கடியும் மற்ற வேளையில் அரிதாகவும் அளவீடு அனுப்புகிறது. இதை டேட்டா வேர்ஹவுஸில் (அறிக்கைகளுக்காகத் தரவைச் சேர்த்து வைக்கும் கிடங்கில்) வந்தபடியே வைப்பதா, ஒரு மட்டம் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று சொல்லும் இடைவெளிப் பதிவாக்குவதா?

தரவை ஏற்றுவதற்கு: முன்னது எளிது, பின்னதில், தாமதமாக வரும் ஒரே அளவீடு பழைய பதிவைப் பிளக்க வைக்கும்.

சராசரிக்கு: 23 மணி நேரம் நீடித்த 80 சதவீதம் ஒருமுறையும், கடைசி ஒரு மணி நேரத்தின் 20 சதவீதம் ஒன்பது முறையும் பதிவானால், வெறும் சராசரி 26 என்று கூசாமல் பொய் சொல்லும், கால அளவால் பெருக்கி 24-ஆல் வகுத்தால்தான் 77.5 என்ற உண்மை வரும். இடைவெளிப் பதிவில் அந்தக் கால அளவு கையிலேயே இருக்கிறது. மற்றதில் தரவைக் கேட்கும் ஒவ்வொரு வினவலிலும் அடுத்த பதிவைத் தேடிக் கணக்கிட வேண்டும்.

சென்சார் ஊமையானால்: காலாவதி வரம்பு (இவ்வளவு நேரத்துக்குமேல் பழைய அளவீடு செல்லாது என்ற விதி) வைக்காத இடைவெளிப் பதிவு பழைய மட்டத்தையே நீட்டிக்கொண்டிருக்கும்.

எச்சரிக்கை மணிக்கும் தணிக்கைக்கும் வந்தபடி வைப்பதே பொருந்தும். மாத அறிக்கைக்கு, அதிலிருந்து உருவாக்கிய இடைவெளி அட்டவணையையே நான் தேர்வேன்.