ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினால்: ஸ்டிக்கி கீஸோடு பல வருடங்கள்

தமிழை ஒலிப்பு முறையில்தான், அதாவது ஆங்கில எழுத்துகளில் ஒலிப்படி, தட்டுகிறேன். ண, ள, ற எல்லாவற்றுக்கும் ஷிஃப்ட் வேண்டும். அடுத்த சொல்லை யோசிக்கும்போது சுண்டுவிரல் அதைச் சும்மா தட்டிக்கொண்டே இருக்கும். ஐந்தாவது தட்டில் ஒரு சத்தம். ஸ்டிக்கி கீஸை (விசைகளைச் சேர்த்து அழுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்ட உதவும் விண்டோஸ் வசதி) இயக்கவா என்று கேட்டு ஒரு பெட்டி. அதைப் படிப்பதற்குள் ஸ்பேஸைத் தட்டியிருப்பேன், அதுவே 'ஆம்' ஆகிவிடும். அதன்பிறகு தட்டிவிட்ட ஷிஃப்ட் அடுத்த எழுத்தில் ஒட்டிக்கொள்ளும். 'நாள்' என்று தட்டினால் 'ணாள்' என்று வரும்.

லேசான தட்டல்களைக் கண்டுகொள்ளாமல் விடும் ஃபில்டர் கீஸ் என்ற வசதி இன்னும் மோசம். வலது ஷிஃப்டை எட்டு நொடி விடாமல் அழுத்தினால் போதும். ஒருமுறை அப்படி இயங்கிவிட்டது தெரியாமல், கீபோர்டு பழுதாகிவிட்டது என்றே நினைத்துப் புதிதாக வாங்கினேன். புதியதிலும் அதே கதை: லேசாகத் தட்டினால் ஒன்றும் வராது, சற்று அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும். கோளாறு செட்டிங்ஸில் இருந்தது. திரை ஓரத்து ஐகானைத் தவிர அதைச் சொல்ல எதுவும் இல்லை.

அப்புறம் இடது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. ஒற்றைக் கையால் கண்ட்ரோலையும் சியையும் சேர்த்து அழுத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. ஸ்டிக்கி கீஸ் இல்லாமல் அந்த வாரங்களை ஓட்டியிருக்கவே முடியாது. அருமையான வசதி அது. ஆனால் அங்கேயும் ஒரு தொல்லை. இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அது தானாக அணைந்துவிடும், முன்கூட்டியே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். உள்ளங்கை கண்ட்ரோல் மேல் பட்டபடி வேறொரு எழுத்தைத் தட்டினால் போச்சு, மறுபடி ஐந்து தட்டு. வேண்டாதவருக்குத் தானாக வருகிறது, வேண்டியவரிடமிருந்து தானாகப் போகிறது. முதல்முறை கணினியை அமைக்கும்போதே 'இது உங்களுக்கு வேண்டுமா?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

எரிச்சல் படுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அணுகல்தன்மைப் பகுதியில் விசைப்பலகைக்குப் போய், அந்த ஐந்து தட்டு ஷார்ட்கட்டை மட்டும் அணையுங்கள். வசதி அங்கேயே இருக்கும், தேவைப்படும்போது இயக்கிக்கொள்ளலாம். இரண்டு விசை அழுத்தினால் அணையும் என்ற டிக்கையும் அங்கேயே எடுத்துவிடலாம். என் சொந்தக் கணினியில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பலரும் உட்காரும் கணினியில் மட்டும் ஷார்ட்கட்டைத் தொடுவதில்லை. மவுஸைப் பிடிக்க முடியாத ஒருவர் அங்கே உட்கார்ந்தால், அந்த ஐந்து தட்டுதான் அவருக்கு இருக்கும் ஒரே வழியாக இருக்கலாம்.