ரெஃப்யூஜி டேட்டா ஃபைண்டர்: அகதிகள் ஆய்வுக்கான தரவுத்தளம் குறித்து

கட்டாய இடப்பெயர்வு பற்றி எழுதுகிறவர் முதலில் திறந்து பார்க்க வேண்டிய இடமாக, ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் இந்த இலவசத் தளத்தையே பரிந்துரைப்பேன். 1951 முதலான எண்ணிக்கைகளைப் சொந்த நாடு, புகலிட நாடு, ஆண்டு என்று பிரித்துத் தேடவும், அட்டவணையாகத் தரவிறக்கவும் முடிகிறது. பாலஸ்தீன அகதிகளின் எண்ணிக்கை அவர்களுக்கான ஐ.நா. நிவாரண அமைப்பான உன்ர்வாவிடமிருந்து பெறப்பட்டுத் தனிப் பிரிவாகத் தரப்படுவதால், அதைச் சேர்த்தோமா விட்டோமா என்பதை ஆய்வாளர் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

இத்தளத்தின்படி, 2024 இறுதியில் கட்டாயமாக இடம்பெயர்ந்தோர் 12.32 கோடி பேர், அவர்களுள் 7.35 கோடி பேர் சொந்த நாட்டின் எல்லைக்குள்ளேயே இருப்பவர்கள். ‘அகதி’ என்ற ஒரே சொல்லால் அனைவரையும் குறிக்கும் செய்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தப் பிரிப்பு ஒன்றே பெரிய உதவி.

ஆனால், இவை பெரும்பாலும் ஆண்டு இறுதியில் இருந்தோரின் எண்ணிக்கைகளே தவிர, அவ்வாண்டில் வெளியேறியோரின் எண்ணிக்கைகள் அல்ல. ஒரு நாட்டின் எண் குறைந்தால், மக்கள் வீடு திரும்பியிருக்கலாம், குடியுரிமை பெற்றிருக்கலாம், பதிவேடு திருத்தப்பட்டிருக்கலாம், காரணம் தேடாமல் வரைபடத்தை மட்டும் வெட்டி ஒட்டுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். ஆரம்ப ஆண்டுகளில் சொந்த நாடு பல இடங்களில் தெரியவில்லை என்றே பதிவாகியிருப்பதால், நீண்டகால ஒப்பீட்டைத் தொடங்குமுன் முறையியல் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.