கரியா, கரைசலா, கரைசலில் ஊறிய கரியா?

சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில், மூன்று தொட்டிகளில் ஒரே நாளில் வெண்டை விதைத்தேன். ஒன்றில் பயோசார் எனப்படும் கரி மட்டும். இன்னொன்றில், தெரிந்த சாப்பாட்டுக் கடையில் உணவுக் கழிவை மக்கவைக்கும் செரிமானக் கலனிலிருந்து வாங்கி வந்த கரைசல் மட்டும். ஊரில் சாண எரிவாயுக் கலனில் வழியும் ஸ்லரிக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. மூன்றாவதில், அந்தக் கரைசலில் இரண்டு வாரம் ஊறிய கரி. மூன்றே தொட்டி, ஆராய்ச்சி என்று பீற்றிக்கொள்ள மாட்டேன்.

முதலில் மண்ணைக் கவ்வியது வெறும் கரி. மூன்றாம் வாரமே அடியிலைகள் வெளுத்தன. "கரி போட்டா மண்ணு பொன்னாகும்னியே தம்பி?" என்றார் பக்கத்துப் பாத்தி ஆன்ட்டி. தப்பு என்னுடையது. பயோசார் உரமே அல்ல. மரத்தையோ தேங்காய்ச் சிரட்டையையோ காற்றை மட்டுப்படுத்தி 400 முதல் 700 டிகிரி வரை சுட்டால் மிஞ்சும் கூடு அது, உள்ளே முழுக்க நுண்துளை. காலி அஞ்சறைப் பெட்டி மாதிரி. நாம் நிரப்பாமல் போட்டால், மண்ணில் இருக்கும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) கை வைக்கும்.

கரைசல் நேரெதிர். தழைச்சத்தில் பெரும்பகுதி அம்மோனியமாக, வேருக்கு உடனே கிடைக்கும் நிலையில் இருக்கிறது. ஒரே வாரத்தில் இலை கரும்பச்சையாக ஆனது. ஆனால் இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஒரு மத்தியான மழை போதும், தொட்டியின் அடித்துளை வழியே தேநீர் நிறத்தில் ஒழுகும். அப்புறம் உப்பு. குழம்பும் சம்பலும் சோயா சாஸும் கலந்த கழிவு. கலன் சோற்றைச் செரிக்கும், உப்பைச் செரிக்காது. ஒரு நாள் தண்ணீர் கலக்காமல் ஊற்றி இலை ஓரங்களைக் கருக்கினேன். வாடையா? இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர் இறங்கியே வந்துவிட்டார்.

ஊறிய கரி போட்ட தொட்டி மந்தமாகத்தான் கிளம்பியது. பூ விடும் பருவத்தில் மற்ற இரண்டையும் தாண்டிவிட்டது. அம்மோனியத்தைக் கரி பிடித்து வைத்துக்கொள்வதால், மழைக்குப் பிறகும் செடி வாடி நிற்கவில்லை.

ஊற வைப்பதில்தான் சூட்சுமம். புதுக் கரியில் ஒட்டிய சாம்பல் காரத்தன்மை உள்ளது. காரம் ஏறினால் அம்மோனியம் வாயுவாகிப் பறந்துவிடும். முதல் முறை அலசாமல் கலந்து வாளியைத் திறந்தேன், வெங்காயம் நறுக்கியது போலக் கண் எரிந்தது. எரிச்சலாக வந்தது நான் சேர்த்த உரம்தான்! இப்போது கரியை இரண்டு தண்ணீர் அலசி, மூடி போட்டே வைக்கிறேன். திறந்து வைத்தால் ஏடிஸ் கொசு வேறு குடிவந்துவிடும்.

கரியை வீட்டில் சுட வழியில்லை. ஒட்டுப்பொருள் கலந்த பார்பிகியூ கரிக்கட்டி வேண்டவே வேண்டாம். பையாக வாங்கினால் விலை கடிக்கும். ஆனாலும் ஒருமுறை போட்ட கரி பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும், அடுத்த போகத்துக்குக் கரைசல் மட்டும் போதும். கரைசலுக்கான மூலப்பொருளுக்கோ பஞ்சமே இல்லை. சிங்கப்பூரின் உணவுக் கழிவில் ஐந்தில் ஒரு பங்குகூட மறுசுழற்சிக்குப் போவதில்லை. மிச்சம் எரிக்கப்பட்டு, சாம்பல் குப்பைக் கிடங்கான செமாக்காவ் தீவில் போய்ச் சேருகிறது.

ஒரே மாதத்தில் பறிக்கும் கீரைக்கு நான் கரியைத் தேட மாட்டேன். பத்து மடங்கு தண்ணீர் கலந்த கரைசலை, இலையில் படாமல் மண்ணில் ஊற்றினால் போதும்; பச்சையாகத் தின்னும் எதற்கும் அதுவும் வேண்டாம். முருங்கை, கறிவேப்பிலை மாதிரி நின்று வளர்பவைக்கு ஊறிய கரிதான்.

போன வாரம் ஆன்ட்டி காலி வாளியோடு வந்து நின்றார்.